இருசம்மாளின் பிடியரிசிப் பை

"ஒரு வீட்டுக்கு ஒரு பங்குதான் இருசம்மா. எத்தினி தடவ சொல்றது?"

"பங்கு யாரு கேட்டா டீச்சர்? பை கேட்டேன்."

"பை எதுக்கு? அதுலயும் ஒரு பங்கு ரொப்பிக்கவா?"

"காலிப் பை. வெறும் பை. குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"சத்தம் போடாத. இது கோயில் வளாகம்."

"கோயிலுக்குள்ள நீங்க மைக்குல போடுற சத்தத்த வுடவா?"

இந்த இடத்தில்தான் நான் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றேன். சத்தம் கேட்டு ஓடி வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன், வெயில் அந்தப் பக்கம்தான் நன்றாக விழும். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் இரட்சகர் ஆலயத்தின் பின்வாசல், அடிபம்பு, அரிசி அறை எல்லாம் உள்ளங்கை மாதிரி தெரியும். கடலூர் முதுநகரில் இவ்வளவு வசதியான மாடி இன்னொன்று கிடையாது.

சண்டை போட்டவர்களைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் என்றால் மங்கலம் டீச்சர். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், அந்தச் சபையின் பெண்கள் சங்கத் தலைவி, எங்கள் தெருவில் முனை வீடு. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் கல்யாண வீட்டிலிருந்தும் திரும்பி வருவார், சாவு வீட்டிலிருந்தும் திரும்பி வருவார். இன்னொருத்தி இருசம்மாள். உப்பனாற்றங்கரைக் காலனியில் இருப்பவள், இறால் ஷெட்டில் தோல் உரிக்கப் போகிறவள். அவள் புருஷன் சின்னையன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சுனாமிக்கு அப்புறம் துறைமுகத்தில் வேலை படுத்துவிட்டது. வேலை எழுந்து நின்ற நேரத்தில் இவருடைய இடுப்பு படுத்துவிட்டது.

பிடியரிசி என்பது அந்தச் சபையில் பழைய வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு பையில் போட்டுவைப்பார்கள். வெள்ளை டிரில் துணிப் பை, மேலே சிவப்பு நூலில் சிலுவை, சங்கத்திலேயே தைத்துக் கொடுப்பது. அடுப்பங்கரையில் ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பாட்டுப் பாடும்போது, பெண்கள் வரிசையாகப் பையோடு நடந்துபோய் பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் பித்தளை அண்டாவில் கொட்டுவார்கள். பீரோவிலிருந்து பட்டுப் புடவைகள் வெளியே வருகிற நாள் அது. எந்த வீட்டுப் பை உப்பியிருக்கிறது, எந்த வீட்டுப் பை தொய்ந்திருக்கிறது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டே பார்த்துவிடுவார்கள். நான் அந்த மதமில்லை. ஆனால் காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் வருஷம் தவறாமல் பூசணிக்காய் எடுக்கிறவள் என்ற வகையில் எனக்கும் அங்கே ஒரு பாத்தியதை உண்டு.

முன்பெல்லாம் அந்த அரிசியையும் ஏலம் விட்டுவிடுவார்கள். சுனாமி வந்தபோது லாரி லாரியாக இறங்கிய நிவாரணச் சாமான்களை வைக்கப் பின்பக்கம் ஒரு அறையைக் காலி செய்தார்கள். கொஞ்ச நாளில் லாரிகள் வருவது நின்றது, ஜனங்கள் வருவது நிற்கவில்லை. பிடியரிசியை ஏலம் விட வேண்டாம், அப்படியே கொடுப்போம் என்று சொன்னதும், அறைக்கு அலமாரி போட்டதும், சனிக்கிழமை தோறும் பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்ததும் இதே மங்கலம் டீச்சர்தான். சாதி, மதம், சபை எதையும் கேட்க மாட்டார். நல்லதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். அதே டீச்சர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். அறையில் வாங்குகிற வீட்டுக்குப் பை கிடையாது.

அந்த அரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புழுங்கல், பச்சை, பொன்னி, ரேஷன், பிரியாணிக்கு வாங்கி மிஞ்சியது, எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்த அரிசி. உலையில் போட்டால் பாதி குழைந்துவிடும், பாதி பல்லில் நறநறக்கும். சபை எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறது என்று அந்தச் சோற்றைத் தின்றாலே தெரியும் என்பார் சின்னையன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். வாயை அடைக்க வேண்டும் என்று டீச்சர், அளந்து போடுகிற பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு இன்னொரு படி போட்டு அனுப்புமா" என்றார். அந்தப் பெண் போட்டாள். இருசம்மாள் அந்தப் படியை மட்டுமல்ல, முதலில் வாங்கியதையும் சேர்த்து அரிசி டிரம்மில் திருப்பிக் கொட்டினாள்.

"எங்க வூட்டு அடுப்பங்கரையிலயும் ஆணி இருக்குது டீச்சர். அதுல பை மாட்டணும். மத்தவுங்க மாதிரி நானும் மொத ஞாயித்துக்கெழம நடந்துபோயி அண்டாவுல கொட்டணும். அதுக்குத்தான் கேக்குறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கணக்கு டீச்சராக மாறினார்.

"நாங்க உனக்கு அரிசி குடுப்போம். அதுலேருந்து ஒரு பிடி எடுத்து நீ எங்களுக்குக் குடுப்ப. அத நாங்க மறுபடி உனக்குக் குடுப்போம். இது இன்னா கணக்கு?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாடியிலிருந்தபடியே தலையாட்டினேன்.

"ஷெட்டுல எனக்குக் கூலி இல்லியா? ரேஷன் கார்டு இல்லியா? நீங்க குடுக்கிறது பத்தாததுக்குத்தான், மொத்தத்துக்கும் இல்ல. அது கெடக்கட்டும். நீங்க யாரு சோறு தின்னு படிச்சீங்க டீச்சர்?"

வரிசையில் சிரிப்பு நின்றது. மங்கலம் டீச்சர் மிஷன் ஹாஸ்டலில் இலவசச் சோறு சாப்பிட்டுப் படித்தவர். சங்கத்தின் ஆண்டு விழாவில் அவரே மைக்கைப் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார். தானாக மைக்கில் சொன்னால் அதற்குச் சபையில் சாட்சி என்று பேர். பின்வாசலில் அடுத்தவள் சொன்னால் அது வேறு.

"ஹாஸ்டல் சோறு தின்னவுங்க பையத் தூக்கிட்டு மொத ஆளா நடக்கலாம். அண்டாச் சோறு தின்னவ நடந்தா மட்டும் கணக்கு ஒதைக்குதா?"

"போடி வெளிய" என்றார் டீச்சர். அந்த வாயிலிருந்து 'போடி' என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். இருசம்மாள் வெறுங்கையோடு போனாள். போகும்போது கேட்டைச் சாத்தின சத்தத்தில் என் வடகத்தில் உட்கார்ந்திருந்த காக்காய் பறந்துவிட்டது.

ஒரு சண்டையில் இரண்டு பக்கமும் தெரியாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. சாயந்திரம் ஒரு டப்பாவில் போன வாரத்து வடகத்தைப் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

"வா சந்திரலேகா. எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே வர?" என்றார். மாடியில் வடகம் பிழிந்தேன் என்றேன். "வருஷம் பூரா பிழியுற" என்றார். ஆனாலும் டீ போட்டார். சொல்ல ஆள் வேண்டும் அவருக்கும்.

விஷயம் இதுதான். இருசம்மாளின் மகள் ஜான்சி நர்ஸுக்குப் படித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு டீச்சரே ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். பையன் பெயர் செம்பியன், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டெண்ட். அம்மா ராஜாமணி, ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். டீச்சரோடு ட்ரெயினிங் ஸ்கூலில் ஒன்றாகப் படித்தவர், அதே சபைக்காரர். வருகிற முதல் ஞாயிறு பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்க்க வருகிறார்கள். சாப்பாடு டீச்சர் வீட்டில்.

"ராஜாமணியப் பத்தி உனக்குத் தெரியாது. வாங்கித் தின்னுற வீடுன்னு தெரிஞ்சா வாசப்படி மிதிக்க மாட்டா. நான் அத சொல்லல. பொய் சொல்லல, சொல்லல, அவ்ளோதான். இந்த நேரத்துல இவ புதுசா பையத் தூக்கிட்டு நடந்தா பத்து பேரு திரும்பிப் பாப்பாங்க. அறையில வாங்குறவளாச்சே, இவளுக்கு எப்ப பை குடுத்தாங்கன்னு பின்னாடி பெஞ்சுல பேசுவாங்க. ராஜாமணிக்குக் காது ஜாஸ்தி. கல்யாணம் முடியட்டும், பத்து பை தச்சுத் தரேன், ரெண்டு மாசத்துக்கு அறைப் பக்கம் வராத, அரிசிய ஆட்டோவுல வூட்டுக்கே அனுப்புறேன்னு சொன்னேன். அதுக்குத்தான் இன்னிக்கு வந்து ஆடுறா."

கெட்ட எண்ணம் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நேராக உப்பனாற்றங்கரைக்கு நடந்தேன்.

இருசம்மாள் வாசலில் உட்கார்ந்து கோணி ஊசியால் ஒரு பை தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை டிரில் இல்லை. சுனாமிக்கு வந்த நிவாரணச் சாக்கைக் கிழித்த துணி. நீல மையில் கொட்டை எழுத்தில் 'நிவாரணப் பொருள், விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருந்தது. அந்த எழுத்து உள்பக்கம் போகும்படி தைத்திருக்கலாம். இவள் வெளிப்பக்கம் வைத்துத் தைத்தாள். நானாவது கேட்காமல் இருப்பதாவது.

"எழுத்து வெளிய தெரியுதே இருசம்மா."

"தெரியட்டுங்கா. சாக்கு வந்த வழி அதுதானே."

"டீச்சர் சொல்றதுலயும் ஒரு இது இருக்குது. கல்யாணம் முடியட்டுமே."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டா, அப்பறம் தெரியும்போது யாரு பேச்சு கேக்குறது? நானா, டீச்சரா? ஜான்சிதான் அந்த வூட்ல நின்னு கேக்கணும். அண்டாச் சோறு, அண்டாச் சோறுன்னு கொழம்புல உப்பு கொறஞ்சாக்கூடச் சொல்லுவாங்க. இப்பவே தெரியட்டும். வாங்குறோம், குடுக்குறோம், ரெண்டும் தெரியட்டும். புடிச்சா கட்டட்டும். இல்லன்னா பஸ் ஏறட்டும்."

உள்ளே பாயில் படுத்திருந்த சின்னையன் தலையைத் தூக்கினார். "ஏன்டி, பஸ் ஏறிட்டாங்கன்னா?"

"சிதம்பரம் பஸ்ஸுக்குப் பஞ்சமா? நிக்காம போய்ட்டே இருக்குது."

அதற்கடுத்த வாரம் நடராஜருக்கு ஒரு அர்ச்சனை பாக்கியிருந்தது நினைவுக்கு வந்து சிதம்பரம் போனேன். வேண்டுதல் பழையதுதான், போகிற நாள்தான் புதிது. சாமி கும்பிட்டுவிட்டுக் கீழ வீதியில் இறங்கி, ராஜாமணி வீடு இருக்கிற தெருவை விசாரித்துக்கொண்டு நடந்தேன். மாடிப் போர்ஷனோடு பச்சை பெயிண்ட் அடித்த வீடு. வாசலில் கோலத்துக்குப் பதில் 'செருப்பை வெளியே விடவும்' என்று போர்டு. எதிர்க் கடைக்காரம்மாவிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால் போதும் என்று நினைத்தேன், இரண்டு சீப்பு ஆயிற்று. ராஜாமணிக்குச் சர்க்கரை வியாதி, ஆஸ்பத்திரிக்குப் பையன்தான் கூட்டிப்போவான், பையன் வாயே திறக்க மாட்டான், அம்மா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான் என்பது அந்த இரண்டு சீப்பின் விலை.

வாயே திறக்காத அந்தப் பையனைப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு ஜூஸ் கடையில் பார்த்தேன். எதிரே ஜான்சி இருந்ததால்தான் அவன் யாரென்றே தெரிந்தது. அவன் பேசிக்கொண்டே இருந்தான், அவள் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் தன் அம்மாவை ஊசி போடக் கூட்டிவந்த ஆஸ்பத்திரியில் பழக்கமாகியிருக்கிறது, அப்புறம் அவள் வாயாலேயே தெரிந்தது. டீச்சர் காதில் பையன் பேரை யதேச்சையாக விழவைத்து, வரன் மாதிரிக் கொண்டுவர வைத்ததே இவள்தான். மங்கலம் டீச்சர், தான் முடிச்சுப் போடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

என்னைப் பார்த்ததும் ஜான்சி எழுந்து வந்தாள். "அத்தை, அம்மாகிட்ட இத சொல்லிடாதீங்க. இன்னொண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு மட்டும் அந்தப் பைய எடுத்துட்டு வர வேணாம்னு சொல்லுங்க. ஒரே ஒரு நாளு. நான் சொன்னா சண்டைக்கு வராங்க."

"தம்பிக்கு அறை விசயம் தெரியுமா?"

"இன்னும் சொல்லல" என்று தரையைப் பார்த்தாள்.

முதல் விஷயத்தை மறைத்து இரண்டாவதை மட்டும் இருசம்மாளிடம் சொன்னேன். அவள் இறால் வாசத்தோடு கையைத் துடைத்துக்கொண்டே, "அவளுக்கு பயமா இருக்கும். நானும் சேந்து பயந்தா அவ காலம் பூரா பயந்துட்டுத்தான் கெடக்கணும். பையக் கொண்டு வருவேன்னு சொல்லிடுங்கா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போனேன். பெண் பார்க்கிற இடத்தில் அக்கம்பக்கத்தார் நாலு பேர் இருப்பது முறை. பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. அங்கிருந்துதான் முன்வரிசைக் கழுத்துகள் திரும்புவது தெரியும். ராஜாமணி மாம்பழக் கலர்ப் பட்டில், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் ஜான்சி, தலையில் முக்காடு, கை இரண்டும் மடியில். ஆண்கள் பக்கத்தில் செம்பியன். அவனுக்குப் பக்கத்தில் சின்னையன் இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர் என்ற கம்பீரத்தோடு வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார். இருசம்மாள் எங்கே என்று ராஜாமணி கேட்டிருப்பார் போலிருக்கிறது, ஜான்சி ஏதோ முணுமுணுத்தாள்.

அந்தச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாமிக்கண்ணு ஐயர் நல்ல மனிதர். இரண்டு பேருக்குள் சண்டை என்றால் இரண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ணிவிட்டு மூன்றாவது வீட்டுக்குக் காப்பி சாப்பிடப் போய்விடுவார். அவர் கையைக் காட்டியதும் பாட்டு ஆரம்பித்தது. வெள்ளைப் பைகள் வரிசையாகப் புறப்பட்டன. முதல் ஆளாக மங்கலம் டீச்சர் போய்க் கொட்டிவிட்டு, வழக்கம்போல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஒவ்வொரு பையாக விழ விழ ராஜாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

கடைசி வெள்ளைப் பை விழுந்த பிறகு, பக்கவாசல் வழியாக இருசம்மாள் வந்தாள். கத்திரிப்பூக் கலர் சேலை, ஈரத் தலை, நெஞ்சோடு அணைத்த சாக்குப் பை. நீல எழுத்து எனக்குக் கண்ணாடியில்லாமலே தெரிந்தது என்றால் மற்றவர்களுக்குக் கேட்க வேண்டுமா. நடுப்பாதையில் நேராக நடந்து அண்டா முன்னால் போய் நின்றாள்.

மங்கலம் டீச்சர் அண்டாவின் வாய்மேல் கையை வைத்து மூடினார். தள்ளவில்லை, திட்டவில்லை. வெறுமனே கையை வைத்தார்.

இருசம்மாள் நகரவில்லை. பாட்டில் சரணங்கள் தீர்ந்துபோயின. கீபோர்டு வாசிக்கிறவர் பல்லவியை மறுபடி ஆரம்பித்தார், அதுவும் முடிந்தது, இன்னொரு தடவை ஆரம்பித்தார். சாமிக்கண்ணு ஐயர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கைகளைத் தூக்கி ஜெபத்தில் இறங்கிவிட்டார். கண்ணைத் திறப்பதற்குள் கர்த்தர் ஏதாவது வழி செய்வார் என்ற நம்பிக்கை அவருக்கு.

"யாரு அது?" என்று ராஜாமணி கேட்டது என் பெஞ்சு வரைக்கும் வந்தது.

ஜான்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இவள் மட்டும் 'தெரியல' என்று சொல்லிவிட்டால், அதோடு இருசம்மாள் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். பெண் பிழைத்துக்கொள்வாள், தாய் அந்த அண்டா முன்னாலேயே செத்தவள்தான்.

"எங்கம்மா" என்றாள் ஜான்சி. எழுந்தாள்.

"எங்க போற? உக்காரு."

"அம்மா தனியா நிக்கிறாங்க." நடந்துபோய்ப் பக்கத்தில் நின்று, சாக்குப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். இருசம்மாள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருசமா இந்த அண்டாவுலேருந்து தின்னோம் டீச்சர்" என்றாள். மைக் இல்லாமலே எல்லா பெஞ்சுக்கும் கேட்டது. "இவ படிச்சது அதுல. இவுங்கப்பா எழுந்து உக்காந்தது அதுல. இன்னிக்கு ஒரு பை போடுறோம். அண்டா ஒடஞ்சிடாது. கைய எடுங்க."

ஐயர் ஒரு கண்ணைத் திறந்தார். இந்த நேரத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஆமென்."

சபை முழுக்கப் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றது. சின்னையன் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. சபையே ஆமென் சொன்ன பிறகு கையை வைத்திருக்க முடியுமா? மங்கலம் டீச்சர் கையை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அரிசி விழுந்தது. பை நிறைய இருந்தது, தொய்வில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் ராஜாமணி டீச்சரை நிறுத்தினார்.

"மங்கலம், நீ எங்கிட்ட இத சொல்லவே இல்ல."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல" என்றார் டீச்சர். முதல் தடவையாக அவர் புடவை மடிப்புக் கலைந்திருந்ததைப் பார்த்தேன். "வா, வூட்டுக்குப் போலாம். பிரியாணி ஆறுது."

அதற்குள் இருசம்மாள் வந்துவிட்டாள். "தோத்திரம் அம்மா. சாப்பாடு எங்க வூட்லதான். பொண்ணு வூட்டப் பாக்காம பொண்ணப் பாத்து இன்னா பிரயோசனம்?"

ராஜாமணி பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் திரும்பினார். ஆனால் பையன் ஏற்கெனவே சின்னையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலனிப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தான். அம்மா பின்னால் போகும்படி ஆயிற்று. அம்மா போனால் டீச்சரும் போக வேண்டும். டீச்சர் போனால் நான் போகாமல் இருப்பது மரியாதையில்லை.

முந்தின நாளே சின்னையன் சொல்லி அனுப்பி, நான் ஒரு பாத்திரம் பொன்னி அரிசி கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அந்தக் கலப்பரிசிச் சோற்றையா போடுவது? அடுக்களையில் எட்டிப் பார்த்தால் என் பாத்திரம் தட்டு மூடியபடி ஓரமாக இருந்தது. "எடுத்துட்டுப் போயிடுங்கா. கோவிச்சுக்காதீங்க" என்றாள் இருசம்மாள். அடுப்பில் நண்டுக் குழம்பு கொதித்தது, அந்த வாசத்துக்குத் தெருநாய்கள் சபை கூடியிருந்தன. சோறு மட்டும், முந்தின சனிக்கிழமைகளில் வாங்கியதிலிருந்து எடுத்துவைத்திருந்த அதே கலப்பரிசிச் சோறு.

ராஜாமணி வாசற்படிக்கு வெளியே நின்றார். "எனக்கு சுகரு. கண்ட அரிசியும் ஒத்துக்காது" என்றார். மங்கலம் டீச்சர் உள்ளேயும் வராமல் வெளியேயும் நிற்காமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செம்பியன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தான். இருசம்மாள் இலையில் சோற்றைப் போட்டாள்.

"தம்பி, இது கோயில் அரிசி. எல்லா வூட்டு அரிசியும் கலந்துதான் இருக்கும். பாதி கொழையும், பாதி வேகாது. பொண்ணு இதத் தின்னுதான் வளந்தா. சொல்லிட்டேன்."

அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். ஒரு வாய் வைத்தான். நறுக்கென்று ஒரு சத்தம் வந்தது, வேகாத பாதிதான். ஜான்சி கதவுக்குப் பின்னால் நின்று கதவையே சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் மென்று விழுங்கினான். அடுத்த வாய். அதற்கடுத்த வாய். வாசலில் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செம்பியா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

"சாப்ட்டுட்டு வரேம்மா. நீ போயி எடம் போட்டு வையி" என்றவன் இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். "இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை."

அத்தை என்றான். அம்மா கிழித்த கோடு எங்கே போயிற்றோ தெரியவில்லை. சின்னையன் வாய் பிளந்தார். இருசம்மாள், அவ்வளவு நேரம் அண்டா முன்னால் கல்லாக நின்றவள், கரண்டியைக் கை மாற்றிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ராஜாமணி மட்டும் குடையை விரித்துக்கொண்டு தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மழையும் இல்லை, வெயிலும் அவ்வளவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு கூத்தை மாடியிலிருந்து பார்க்க ஆரம்பித்து, மிச்சத்துக்குக் கோயில் வாசல் வரை இறங்கிப் போனேன். அறையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அவரவர் பையோடு வந்துவிட்டார்கள். மைதா மாவுப் பை, ஜவுளிக் கடைப் பை, ஒருத்தி சோப்புத்தூள் கவரைக் கழுவிக் காயவைத்து எடுத்து வந்திருந்தாள். தேவனாம்பட்டினத்திலிருந்து வாங்க வருகிற ஒரு மீன்காரம்மா, சபையுமில்லை மதமுமில்லை, அவளும் ஒரு பையோடு கேட்டில் நின்றாள். கமிட்டியில் கேட்டதற்குச் சாமிக்கண்ணு ஐயர், ஜெபித்து முடிவெடுப்போம் என்றார். அந்த முடிவு கடைசி வரை வரவில்லை, பைகள் வந்துகொண்டிருந்தன. மங்கலம் டீச்சர் அண்டாவுக்குப் பக்கத்தில்தான் நின்றார். கை இரண்டும் பின்னால். இருசம்மாளிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். இருசம்மாளும் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் வரிசையில் வந்து நின்று, நிமிர்ந்த தலையோடு தன் பங்கை வாங்கிக்கொண்டு போவாள்.

2011 வைகாசியில் ஜான்சிக்கும் செம்பியனுக்கும் கல்யாணம் நடந்தது, இதே இரட்சகர் ஆலயத்தில். ராஜாமணி வந்தார், முதல் பெஞ்சில் உட்கார்ந்தார், போட்டோவுக்கு நின்றார், சாப்பிடவில்லை. அந்த வருஷக் கடைசியில் அடித்த தானே புயலில் மங்கலம் டீச்சர் வீட்டு ஓடெல்லாம் பறந்து எங்கள் மாடியில் விழுந்தது. மகன் வந்து அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டான், அந்த வீட்டில் இப்போது எல்ஐசி ஏஜெண்ட் ஒருவர் குடியிருக்கிறார், பேச்சுக்கே பிடி கொடுக்காத குடும்பம். சாமிக்கண்ணு ஐயருக்கு விழுப்புரம் பக்கம் மாற்றலாகிவிட்டது. சின்னையனை மருமகன் சிதம்பரத்துக்கு அழைத்துப்போய் இடுப்புக்கு வைத்தியம் பார்க்கிறான். இருசம்மாள் போகவில்லை, ஷெட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். ஜான்சி புருஷனோடு அந்தப் பச்சை வீட்டில்தான் இருக்கிறாள். ராஜாமணி மட்டும் சேத்தியாத்தோப்பில் இருக்கிற தம்பி வீட்டோடு போய்விட்டார். கேட்டவர்களிடம், சிதம்பரத்துத் தண்ணீர் சரியில்லை என்கிறாராம்.